சூளைக்குள் தொலைந்த பாப்பிப் பூக்கள்

"கையை வைக்காதே" என்று ஹெஸ்டர் க்விம்பி சொல்வதற்கும், நான் வைத்து முடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"ஆ!"

"என்ன?"

"ரத்தம், தலைவி. என்னோடது. நல்ல ஜாதி ரத்தம், வீணாப் போகுது."

"போகட்டும். இந்தக் கேஸுக்கு நீ பண்ணின முதல் உபகாரம் அது" என்றார் ஹெஸ்டர், என் விரலைப் பார்க்காமல் விரலைக் கிழித்த கண்ணாடித் துண்டைப் பார்த்தபடி.

நான் ஓரின். ஹெஸ்டர் துப்பறிவார். நான் கார் ஓட்டுவேன், காபி வாங்குவேன், பேசக் கூடாத இடத்தில் பேசுவேன். போர்ட்லண்டில் மழைக்குக் குடை பிடிக்கிறவனை வெளியூர்க்காரன் என்று கேலி செய்வார்கள். அந்தக் கௌரவத்துக்காக இருவரும் தொப்பலாக நனைந்து, ஆற்றங்கரைக் கண்ணாடிச் சங்கத்தின் சூளை அறையில் நின்றிருந்தோம். எதிரே ஐஸ்கிரீம் கடைப் பெட்டி மாதிரி மூடி மேலே திறக்கும் பெரிய மின்சாரச் சூளை. அதற்குள், கடற்கரை ஊர் நூலகம் ஒன்றின் சன்னலுக்காக லூசியன் மார்ச்பேங்க் என்ற மேதை வரைந்த கண்ணாடி ஓவியம் சுக்குநூறாகக் கிடந்தது.

மேதை என்று நான் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொள்கிறார். சங்கத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்குக் கீழேயும் அப்படித்தான் போட்டிருக்கிறது. படத்தை மாட்டியவரும் அவர்தானாம்.

சூளையின் பக்கத்தில், கூப்பிட்டால் ஓடிவிடத் தயாராக இருப்பவர்போல ஒரு பெண்மணி நின்றிருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. மணிக்கட்டெல்லாம் பழைய சூட்டுத் தழும்பு. லோர்னா டக்கெட். சங்கத்தின் சூளைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. ஓவியத்தை உடைத்ததாக லூசியன் விரல் நீட்டியது அவரை நோக்கித்தான். அவரை நீக்குவதா வேண்டாமா என்று சாயங்காலம் சங்கம் கூடிக் கைதூக்கப் போகிறது.

"என்ன நடந்ததுன்னு உங்க வாயால சொல்லுங்க, லோர்னா" என்றார் ஹெஸ்டர்.

"கண்ணாடியை உருக்கி ஒட்டிப் பலகையாக்கினது நான். பச்சை கலந்த நீலம், வானத்துக்காக. லூசியன் அதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய், மேல எனாமல்ல பாப்பிப் பூ வரைஞ்சு கொண்டுவந்தார். அந்த வண்ணம் கண்ணாடியோட பிடிக்கறதுக்கு மறுபடி சுடணும். வியாழக்கிழமை சாயங்காலம் உள்ள வெச்சேன். சூடு எவ்வளவு வேகத்துல ஏறணும், எப்படி இறங்கணும்னு எல்லாம் போட்டுட்டுக் கதவைப் பூட்டிட்டுப் போனேன். சனிக்கிழமை காலைல நூலகத்துக்காரங்களை வரவெச்சு, எல்லார் முன்னாடியும் மூடியைத் தூக்கினா, இந்தக் கோலம்."

"நடுவுல திறந்தீங்களா?"

"சூடா இருக்கறப்ப திறந்தா குளிர் காத்து பட்டுப் படீர்னு போயிடும். இருபது வருஷமா இதே வேலை, எனக்குத் தெரியாதா?" லோர்னா சூளை மூடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இன்னைக்கு அவங்க கையைத் தூக்கிட்டா இந்த ஊர்ல ஒருத்தரும் என்னை நம்பிக் கண்ணாடி குடுக்க மாட்டாங்க. எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க."

"வரைஞ்சது எப்படி இருந்தது?"

"பொய் சொல்ல மாட்டேன், அழகா இருந்தது. அந்த ஆளுக்குக் கை இருக்கு. 'பாப்பிக்கு அடியில வெள்ளை பூசி முதல்ல ஒருதடவை சுட்டீங்களா'ன்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். 'எனக்கே பாடமா?'ன்னார். அப்புறம் நான் வாயே திறக்கல."

ஹெஸ்டரின் உதட்டோரம் ஒரு சின்ன மடிப்பு விழுந்தது. அந்த மடிப்பு விழுந்தால் யாரோ ஒருத்தருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"லூசியன் என்ன சொல்றார்?" என்று வாசல் பக்கம் திரும்பினார்.

வாசலில் சாவிக்கொத்தோடு நின்றிருந்தவர் யூனிஸ் கோல்பி, சங்கத் தலைவர். யாரையும் பகைத்துக்கொள்ளப் பிடிக்காதவர். அதனாலேயே எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சமாக நோகடித்து வைத்திருந்தார்.

"லோர்னா அவசரப்பட்டு வேகமா சூடேத்திட்டாங்க, அதுல வெடிச்சிடுச்சுன்னு சொல்றாருங்க. உடைஞ்சதைப் பாத்த நிமிஷமே நான் இந்த அறையைப் பூட்டிட்டேன். யாரும் எதையும் தொடல."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி... உறுப்பினர் எல்லார்கிட்டயும் சாவி இருக்கு."

"பேஷ். பூட்டு ஒண்ணு, சாவி ஊர் பூரா" என்றேன். யூனிஸ் கேட்காததுபோல் இருந்துகொண்டார்.

ஹெஸ்டர் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஓரின், சூடு ஏறும்போது கண்ணாடி வெடிச்சா என்ன ஆகும்?"

"உடையும்."

"உடைஞ்சதுக்கு அப்புறமும் சூடு ஏறிட்டே போகும். உடைஞ்ச ஓரமெல்லாம் இளகி மழுங்கிடும், சப்பித் துப்பின மிட்டாய் மாதிரி. இது உன் விரலைக் கிழிச்சிருக்கு. அப்படின்னா?"

"சூடு இறங்கினப்ப உடைஞ்சிருக்கு. இல்ல, நல்லா ஆறினதுக்கு அப்புறம் உடைஞ்சிருக்கு. லூசியன் சொன்னது புளுகு."

"அறியாமையாவும் இருக்கலாம். ரெண்டுல எதுன்னு அவர்கிட்டயே கேக்கலாம். அதுக்கு முன்னாடி இதையெல்லாம் மேசையில எடுத்து அடுக்கு."

அடுக்கினேன். இன்னும் இரண்டு விரலைக் காவு கொடுத்தேன். சின்ன வயதில் பண்டிகை விடுமுறைகளில் படத்துண்டு சேர்த்து விளையாடிய பழக்கம் கைகொடுத்தது. நான்கு மூலையும் கூடின, வானம் கூடியது, தண்டும் இலையும் கூடின. நடுவில் மட்டும் ஒரு தட்டு அளவுக்கு ஓட்டை விழுந்து மேசை தெரிந்தது.

"பூ எங்க?" என்றேன். "ஒரு இதழ்கூட இல்லையே."

லோர்னா ஓடிவந்து பார்த்தார். சூளைக்குள் தலையை விட்டு மூலைமூலையாகத் தேடினார். கண்ணாடி தரையில் ஒட்டாமலிருக்கத் தூவிய சுண்ணாம்புத் தூள்தான் இருந்தது.

"மூடின பெட்டிக்குள்ள வெடிச்சது வெளில போகாது" என்றார் ஹெஸ்டர். "பூ தானா நடந்து போயிருக்காது. யாரோ பொறுக்கிட்டுப் போயிருக்காங்க. வெறும் பூவை மட்டும்."

"காதலிக்குக் குடுக்கவா இருக்கும்" என்றேன்.

"வா, மேதையைப் பாத்துட்டு வரலாம்."

லூசியன் மார்ச்பேங்கின் கலைக்கூடம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. கதவில் பெரிய விளம்பரம்: 'நெருப்பின் ஆன்மாவை அறியுங்கள். வார இறுதி வகுப்பு. இடங்கள் குறைவு.' கதவைத் தட்டுவதற்குள் அவரே திறந்தார். கழுத்தில் பட்டுத் துணி, கண்ணில் துக்கம். துக்கம் நன்றாகத் தைத்துப் போட்டுக்கொண்டது போல் அவருக்குப் பொருந்தியிருந்தது.

"வாங்க அம்மணி. பிள்ளையைப் பறிகொடுத்தவன் வீட்டுக்கு வந்திருக்கீங்க."

"துக்கத்துக்கு என்ன சாப்பாடு?" என்றேன். ஹெஸ்டர் என் காலை மிதித்தார்.

உள்ளே எங்கு பார்த்தாலும் அவருடைய ஓவியங்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், ஓவியங்கள் நன்றாகவே இருந்தன. சகிக்காதது அவர் மட்டும்தான். மூலையில் அழகான ஒரு சூளை. அதன் மூடிமேல் தொட்டியில் ஒரு ஃபெர்ன் செடி செழிப்பாக வளர்ந்து, இலைகள் நான்கு பக்கமும் வழிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

"செடி ஜோரா இருக்கே" என்றார் ஹெஸ்டர். "ரொம்ப நாளா வளக்கறீங்களோ?"

"இந்த இடத்துக்கு வந்ததுலருந்து. ஏழெட்டு வருஷம் இருக்கும். அதை நகர்த்தினா வாடிடும்."

"பாவம், நகர்த்தாதீங்க. ஒரு சின்ன சந்தேகம். துண்டோட ஓரமெல்லாம் கத்தி மாதிரி இருக்கு. சூடு ஏறறப்ப வெடிச்சிருந்தா மழுங்கியிருக்குமே?"

லூசியனின் கண் ஒருமுறை அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. அவ்வளவுதான். அடுத்த விநாடி பொய் தயார்.

"அதைத்தானே நானும் சொல்றேன்! ஆறறதுக்குள்ள திறந்து பாத்திருக்கா. பொறுமை இல்லாத ஜென்மம். அம்மணி, வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அங்க போனேன். சூடு உச்சத்துல இருந்தது. சூளையோட பக்கவாட்டுல இருக்கற ஓட்டை வழியா உள்ள பாத்தேன்." கண்ணை மூடிக்கொண்டார். "என் பாப்பிகள்! ரத்தச் சிவப்பா, நெருப்புக்கு நடுவுல, உயிரோட! ஒரு கீறல்கூட இல்ல. அதுக்கு அப்புறம் அந்தப் பொம்பளை கை வெச்சதுதான் நாசம்."

"ரத்தச் சிவப்பு" என்றார் ஹெஸ்டர் மெதுவாக.

"பீட்ரூட்டை வெட்டினா வருமே, அந்தச் சிவப்பு இல்ல அம்மணி. புதுசா சிந்தின ரத்தம்."

"அது எங்கிட்ட நிறைய இருக்கு" என்று என் விரல்களைக் காட்டினேன்.

"சாயங்காலம் கூட்டத்துல இதை அப்படியே சொல்வீங்களா?" என்றார் ஹெஸ்டர்.

"சொல்லாம? ஊர் கேக்கச் சொல்வேன்."

வெளியே வந்ததும் நான் சிரித்தேன். "அடுப்புல பூனை தூங்கற வீட்டுல சமையல் வகுப்பு நடக்குது. சூளைமேல செடி! ஆனா தலைவி, ஓட்டை வழியா பாத்தேங்கறாரே. இல்லன்னு நாம எப்படி நிரூபிக்கறது?"

"நாம நிரூபிக்க வேண்டாம். அவரே ரொம்ப நல்லாப் பேசறாரே" என்ற ஹெஸ்டர், சங்கத்துக்குத் திரும்பியதும் யூனிஸைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். யூனிஸின் முகம் முதலில் குழம்பியது. பிறகு மெல்ல விடிந்தது.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். எல்லாரும் கண்ணாடி உருக்குகிறவர்கள். கையில் ஆளுக்கொரு டோனட், முகத்தில் ஆளுக்கொரு அபிப்பிராயம். நேற்றுவரை லோர்னாவிடம் "இதையும் கொஞ்சம் உள்ள வெச்சிடும்மா" என்று கெஞ்சியவர்கள் அத்தனை பேரும் இன்று அவரைச் சுற்றி மூன்று வரிசை நாற்காலியைக் காலியாக விட்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் போய் லோர்னாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

முன்னால் மேசைமேல் ஒரு சின்னச் சூளை, செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, முணுமுணுவென்று சூடாகிக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் கண் வைத்துப் பார்க்க ஓர் ஓட்டை இருந்தது.

லூசியன் எழுந்து பேசினார். நெருப்பு, ஆன்மா, பறிகொடுத்த பிள்ளை, வெள்ளிக்கிழமை மத்தியானம், புதுசா சிந்தின ரத்தம் எல்லாம் வரிசையாக வந்தன. ரத்தம் வந்த இடத்தில் முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன். நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"நன்றி" என்று எழுந்தார் ஹெஸ்டர். "லூசியன், சூடான சூளைக்குள்ள சிவப்பைக் கண்டுபிடிக்கற கண்ணு எல்லாருக்கும் இருக்காது. உங்களுக்கு இருக்குன்னு இவங்க ஒருதடவை பாத்துட்டா அப்புறம் யாரும் உங்களைக் கேள்வி கேக்க மாட்டாங்க. இதுக்குள்ள ரெண்டு பாப்பி இருக்கு. எது சிவப்புன்னு சொல்லிடுங்க, போதும்."

"இதென்ன குழந்தை விளையாட்டு" என்று சொன்னாலும் லூசியன் மகிழ்ச்சியோடு வந்தார். நாற்பது பேர் பார்க்க மேடை ஏறச் சொன்னால் அவர் தூக்குமேடை என்றாலும் ஏறுவார். யூனிஸ் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, குனிந்து, ஓட்டையில் கண் வைத்தார்.

அப்படியே ஒரு கணம் நின்றார். பிறகு நிமிர்ந்தார். முகம் முழுக்க வெற்றி.

"இடது பக்கம்! அப்பட்டமான சிவப்பு! வலது பக்கத்துல இருக்கறதை எவனோ தெரியாத பய கரிய விட்டுட்டான், கன்னங்கரேல்னு கிடக்கு. என்ன அம்மணி, திருப்தியா?"

இந்த ஆள் சிவப்பைக் கண்டுபிடித்துவிட்டாரே! ஓட்டை வழியாகச் சிவப்பு தெரிகிறதே! தலைவி கோட்டை விட்டுவிட்டார், லோர்னாவின் கதை முடிந்தது என்று நினைத்துப் பக்கத்தில் திரும்பினேன்.

லோர்னா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அழவில்லை.

அறையில் ஒரு சத்தம் இல்லை. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு லூசியன் தலையைச் சற்றுச் சாய்த்து வணங்கினார்.

"லூசியன்" என்றார் யூனிஸ், அந்த வணக்கத்தைப் பார்க்க முடியாமல். "ரெண்டு பூவையும் நான்தான் வரைஞ்சு உள்ள வெச்சேன். இடது பக்கம் மஞ்சள்."

"என்ன?"

"மஞ்சள். வலது பக்கம் இருக்கறதுதான் சிவப்பு."

பின்வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அது பக்கத்து நாற்காலிக்குத் தொற்றியது. பிறகு அறை முழுவதும் வெடித்தது. டோனட்டோடு சிரித்து ஒருவருக்குப் புரையேறியது.

"ஓரினுக்காகச் சொல்றேன்" என்றார் ஹெஸ்டர். "இங்க தெரியாதவன் அவன் ஒருத்தன்தான். சரி, ரெண்டு பேர். சூட்டுல மஞ்சள் சிவப்பாத் தெரியும். சிவப்பு கறுப்பாத் தெரியும். ஆறினதும் அதது தன் நிறத்துக்குத் திரும்பிடும். முதல்முறை சூளைக்குள்ள எட்டிப் பாக்கற ஒவ்வொருத்தரும் 'ஐயோ, என் சிவப்பு கருகிப் போச்சே'ன்னு அலறியிருப்பாங்க. அலறாதவங்க கையைத் தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்க பாத்திருந்தா கறுப்புப் பூவைத்தான் பாத்திருக்கணும், லூசியன். அன்னைக்கு நீங்க பாக்கல. அன்னைக்கு மட்டுமில்ல, என்னைக்குமே பாத்ததில்ல. உங்க ஒவ்வொரு ஓவியத்தையும் லோர்னாதான் சுட்டுக் குடுத்திருக்காங்க. நெருப்போட ஆன்மாவுக்கு வகுப்பு எடுக்கறவர் வீட்டுச் சூளைமேல செடி வளருது."

"நான் ஓவியன்!" என்று கத்தினார் லூசியன். "அடுப்பு ஊதறது என் வேலை இல்ல! ஏதோ ஞாபகப் பிசகு, அவ்வளவுதான். அதனால நான் உடைச்சேன்னு ஆயிடுமா?"

"ஆகாது. ஆனா உடைஞ்சதுல பூவை மட்டும் காணோம். வானத்தைத் திருடாம, இலையைத் திருடாம, பூவை மட்டும் எடுத்துட்டுப் போறவன் எதையோ மறைக்கறான். லோர்னா, பச்சை நீலக் கண்ணாடியில என்ன இருக்கு?"

"செம்பு" என்றார் லோர்னா.

"சிவப்பு எனாமல்ல?"

"கந்தகம் இருக்கும். செம்பும் கந்தகமும் மாமியார் மருமக மாதிரி. நடுவுல வெள்ளைப் பூச்சு இல்லாம ஒண்ணு மேல ஒண்ணைப் போட்டுச் சுட்டா..." லோர்னா நிறுத்தினார். இத்தனை நாள் தூக்கம் கெட்டுத் தேடிய காரணம் அவர் கண்முன்னால் வந்து நின்றது. "ஐயையோ. வெள்ளை பூசவே இல்லையா நீங்க?"

அறையில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. "சாணி நிறமா வந்திருக்குமே!" என்று முதல் வரிசையில் ஒரு பெண்மணி வாய்விட்டுச் சொன்னார். "முதல் வாரமே சொல்லிக் குடுக்கற பாடமாச்சே!"

"பழுப்புப் பாப்பி!" என்றது இன்னொரு குரல். "சேத்துல முளைச்ச பாப்பி!"

லூசியன் அதுவரை தாங்கினார். பொய்யன் என்றார்கள், தாங்கினார். சூளை பார்க்காதவன் என்றார்கள், அதையும் தாங்கினார். இதைத் தாங்க முடியவில்லை. கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்துக்கொண்டு அறை அதிரக் கத்தினார்:

"பழுப்பு இல்ல! அது ஆழ்ந்த செந்தவிட்டு நிறம்! நல்ல வெளிச்சத்துல வெச்சுப் பாத்தா ஒரு செம்மை தெரியுது! நேத்து ராத்திரிகூட எடுத்துப் பாத்தேன்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வாய் திறந்தபடியே இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், இவ்வளவு மெனக்கெட்டு எந்தத் தவளையும் கெட்டிருக்காது.

"எடுத்துப் பாத்தீங்களா" என்றார் ஹெஸ்டர். "சனிக்கிழமை நூலகத்துக்காரங்க வர்றதுக்கு முன்னாடி வந்து, ஆறின சூளையைத் திறந்து, அசிங்கத்தைப் பாத்து, உடைச்சு, பூவைப் பொறுக்கிட்டுப் போயிருக்கீங்க. தப்பாப் போன ஓவியம் உங்க பேர்ல வெளில வர்றதைவிட, ஒரு பொம்பளையோட பிழைப்பு போறது உங்களுக்கு லேசாத் தெரிஞ்சிருக்கு."

லூசியன் அருகிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

யூனிஸ் தொண்டையைச் செருமினார். "லோர்னாவை நீக்கணுங்கறவங்க..." என்று ஆரம்பித்துவிட்டு, தன் குரல் தனக்கே வெட்கமாகப் போக, நிறுத்தினார். காலியாக இருந்த மூன்று வரிசையும் கிடுகிடுவென்று நிறைந்தது. ஒருவர் லோர்னாவுக்கு டோனட் நீட்டினார். லோர்னா அதை வாங்கவில்லை. அவர்களில் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. எழுந்து நேராக லூசியன் முன்னால் போய் நின்றார்.

"அந்தத் துண்டெல்லாம் வீட்லதான் இருக்கா?"

லூசியன் தலையைக் குனிந்தபடியே ஆட்டினார். "தூக்கிப் போட மனசு வரல."

"போடாதீங்க. நாளைக்குக் காலைல கொண்டு வந்துடுங்க, ஒண்ணு விடாம. அடுத்த வாரம் புதுசா சேர்றவங்களுக்கு எனாமல் வகுப்பு ஆரம்பிக்குது. எதைச் செய்யக் கூடாதுன்னு காட்ட இதைவிட நல்ல மாதிரி எனக்குக் கிடைக்காது."

திரும்பி இரண்டடி நடந்தவர், ஏதோ நினைவு வந்து நின்றார்.

"பூவுக்கு அடியில உங்க கையெழுத்து இருக்கற துண்டை மறந்துடாதீங்க. அதை நடுவுல வெச்சு ஒட்டணும்."